காவடிக்கு முதுகு காட்டிய உறுமி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி உத்திரத்தன்று காலை பதினோரு மணி வாக்கில், காஹாங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் கோவிலுக்குப் போகும் தார்ச்சாலையில் இது நடந்தது. அன்று நான் செய்ததை யாரும் என் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்துகூடப் போயிருப்பேன்.

நான் தம்போய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவத்தை, அதாவது பள்ளிப் படிப்பை, தாண்டிய முதல் ஆள் நான்தான். தாத்தாவும் அப்பாவும் செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியே வராதவர்கள். பட்டமளிப்பு அங்கியோடு நான் நிற்கும் படம் வீட்டு வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஆனால் விருந்தாளி வந்தால் அம்மா அந்தப் படத்தைக் காட்டமாட்டார். கைப்பேசியை எடுத்து என் காணொளியைப் போட்டுக் காட்டுவார்.

ஆமாம், நான் உறுமி அடிப்பவன். எங்கள் ஊர்ப் பக்கம் காவடி எடுப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு மேளக் குழுவை அமர்த்திக்கொள்வார்கள். உறுமி, பம்பை, தவில், ஒரு பாடகர், முதுகில் தொங்கும் ஒலிபெருக்கி என்று பத்துப் பேர் இருப்போம். காவடி புறப்படும் இடத்திலிருந்து சன்னிதி வரைக்கும் அந்தக் குழு அவரோடே நடக்கும். வளைந்த குச்சியால் தோலை உரசும்போது உறுமி ஒரு மாதிரி முனகும். அந்த முனகலில்தான் பலருக்கு அருள் வரும். அலகு குத்திய வலியும் தோளில் இருக்கும் பாரமும் தெரியாமல் நடப்பது அந்த அருளால்தான்.

எனக்கு ஒரு வித்தை உண்டு. அடித்துக்கொண்டே முட்டிபோட்டு, உறுமியைத் தரையோடு தரையாகச் சாய்த்து உரசி, அப்படியே ஒரே சுழற்சியில் எழுந்து நிற்பேன். யாரோ அதற்குப் 'பாம்பு' என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது பரவிப் போனது. பெட்ரோல் நிலையத்தில், சிங்கப்பூர் போகும் பேருந்தில், சாப்பாட்டுக் கடையில், எங்கே போனாலும் "அண்ணா, பாம்பு அண்ணாதானே?" என்று யாராவது வந்து பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். வேலையிடத்தில் என் மேலதிகாரிக்கு இரண்டு வருடமாக என் பெயர் சரியாக வராது. அவர் மகளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. எங்கள் குழுவின் பாடகன், என் பால்யகால நண்பன், அடிக்கடி கிண்டலடிப்பான்: "டேய் மச்சான், லைக் எல்லாம் உன் மூஞ்சிக்கு இல்லடா, உன் முட்டிக்கு." நான் சிரிப்பேன். ஆனால் தனியாக இருக்கும்போது யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் படிப்பேன்.

அந்தப் பங்குனிக்கு இரண்டு மாதம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பட்டறைக்குப் பின்னால் நாங்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஐம்பது வயது இருக்கும். காஹாங்கிலிருந்து வந்திருந்தார்கள்.

"இங்க உறுமி அடிக்கிறது யாரு?" என்று அவர் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

"அண்ணே, இவனத் தெரியலையா? போனைத் தொறந்தா இவந்தான்லா!" என்றான் பாடகன்.

அவர் காதோரம் கையைக் குவித்து, "ஆங்?" என்றார். அவர் மனைவிதான் விளக்கினார்.

"அவருக்குக் காது சரியா கேக்காது தம்பி. இருபது வருஷத்துக்கு மேல செம்பனை எண்ணெய் ஆலையில பாய்லர் பக்கத்துலயே நின்ன ஆளு. பக்கத்துல சத்தம் போட்டுச் சொன்னாதான் கேக்கும். என் வாயைப் பார்த்தா மட்டும் புரிஞ்சுக்குவாரு."

உண்மையைச் சொன்னால், அவருக்கு என்னைத் தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, நுரையீரலில் தொற்று வந்து, மருத்துவமனையில் பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். எழுந்து வந்தால் மூன்று வருடம் தொடர்ந்து காவடி எடுப்பதாக அவர் கணவர், அந்த அண்ணன், வேண்டிக்கொண்டார். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இது மூன்றாவது, கடைசி. அண்ணனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பது அவர் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர் கண்டித்திருக்கிறார். "இந்த வருஷத்தோட முடிஞ்சிருச்சுன்னா எனக்கு நிம்மதி தம்பி," என்றார் அக்கா. "எனக்காக எடுக்கிறாரு. எனக்குத்தான் பயமா இருக்கு."

அண்ணன் என் உறுமியின் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "பாட்டு எனக்குக் கேக்காது தம்பி. தவிலு பம்பையெல்லாம் எங்கேயோ டின்னு தட்டுற மாதிரி இருக்கும். இது மட்டும் இங்க கேக்கும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "உறுமி நின்னா எனக்கு சாமியும் நின்னுரும். அதான் அடிக்கிற ஆளைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் படித்தவன் அல்லவா? தாழ்ந்த அதிர்வுகளைக் காது கேட்காவிட்டாலும் உடம்பு உணரும் என்று அவர் காதருகே ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க என்னை விட்டு ரெண்டு முழத்துக்கு மேல தள்ளிப் போகாதீங்க. வாயில அலகு போட்ட பிறகு என்னால கூப்பிட முடியாது."

"போக மாட்டேன் அண்ணே," என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பங்குனி உத்திரத்தன்று காலை ஆற்றங்கரையில் பூசை முடிந்து அலகு குத்தினார்கள். கன்னத்தில் ஒன்று, நாக்கில் ஒன்று, முதுகிலும் மார்பிலும் காவடியின் கம்பிகள். நான் அவர் நெஞ்சுக்கு நேராக உறுமியைப் பிடித்து உரச ஆரம்பித்தேன். முதல் சில நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கால் கட்டைவிரல் துடித்தது, முழங்கால் துடித்தது, ஒரு உலுக்கலோடு காவடி எழுந்தது. மயில் இறகுகள் என் முகத்தில் உரசின. அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. அதற்காகத்தான் நான் சிறுவயதில் இந்த வாத்தியத்தைத் தொட்டேன். அதையும் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முக்கால்வாசித் தூரம் ஒழுங்காகத்தான் போனோம். கடைத்தெரு முனையில் இன்னொரு காவடியும் வந்து சேர்ந்தது. அதனோடு குளுவாங் பக்கத்துக் குழு ஒன்று. அவர்களும் பேர் வாங்கியவர்கள்தான். கூட்டம் இரண்டு பக்கமும் திரண்டு நின்றது. எல்லார் கையிலும் கைப்பேசி. "பாம்பு! பாம்பு!" என்று யாரோ கத்தினார்கள். அந்தக் குழுவின் உறுமிக்காரன் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி போட்டான். வா பார்க்கலாம் என்று கூப்பிடுகிற அடி.

நான் திரும்பினேன்.

பதில் அடி ஒன்று போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் நகர்ந்தால் குழுவே நகரும், அதுதான் எங்கள் பழக்கம். ஒன்பது பேரும் என்னோடு சாலையின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் எங்களைச் சுற்றி மூடிக்கொண்டது. அவன் அடித்தான், நான் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஆரவாரம். நான் முட்டிபோட்டபோது கைப்பேசிகளெல்லாம் ஒன்றாகக் கீழே சாய்ந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் யாரோ தோளைத் தொட்டார்கள். படம் எடுக்க வந்தவர் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே சிரித்து, "அப்புறம், அப்புறம் எடுக்கலாம்," என்று தலையசைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒருவழியாக எழுந்து, கைதட்டலை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் எங்கள் காவடியைக் காணோம்.

"டேய், அண்ணன் எங்கடா?" என்றேன்.

பாடகன் சுற்றிலும் பார்த்தான். "ஐயோ, அலமாக்... போயிட்டாங்க போல மச்சான்," என்றான்.

ஓடினோம். ஓடுகிற ஓட்டத்திலும் சிலர் படம் எடுத்தார்கள். நாங்கள் கோவில் வாசலுக்குப் போனபோது அபிஷேகம் முடிந்து அலகைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பொதுவாக அருளோடு இருப்பவருக்கு அப்போது வலி தெரியாது. அண்ணன் ஒவ்வொரு கம்பிக்கும் கண்ணை இறுக்கி மூடினார். கன்னத்து அலகை எடுத்தபோது வாய்விட்டு முனகினார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீங்களா," என்று மட்டும் சொன்னார்.

திருநீறு வைத்து முடித்ததும் அண்ணனே என் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க தம்பி," என்றார். "கடைத்தெருக்கிட்ட சாமி மலையேறிட்டாரு. நீங்கள்லாம் முன்னால அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க, கூட்டத்துல தெரிஞ்சுச்சு. எனக்குத்தான் நெஞ்சுல ஒண்ணும் கேக்கல. என் விரதத்துல எங்கேயோ குறை வந்திருச்சு. சாமி ஏத்துக்கல."

அருள் போன பிறகு, எல்லா வலியும் தெரிந்து, மீதித் தூரம் நடந்திருக்கிறார். அதைத் தன் குறை என்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியெல்லாம் இல்லண்ணே," என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே முணுமுணுத்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர்கள் போட்ட சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் அந்தக் காணொளி எங்கும் ஓடியது. இதுவரை வந்ததிலேயே நல்ல 'பாம்பு' என்று எழுதியிருந்தார்கள். மதிய உணவு நேரத்தில் தொழிற்சாலை உணவகத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் பின்னால் இருப்பது கண்ணில் பட்டது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். என் தோளைத் தொடுகிறார். நான் கண்ணை மூடியபடி அழகாகச் சிரித்துத் தலையசைக்கிறேன். அந்தப் பெண் ஒரு கணம் நிற்கிறார். திரும்பிப் போகிறார்.

அது அந்த அக்கா.

அதற்குப் பின்னால், திரையின் மூலையில், மயில் இறகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அக்கா அவர் முன்னால் போய் நின்று, தன் உள்ளங்கையால் அவர் நெஞ்சில் தட்டத் தொடங்குகிறார். தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறார். ஒரு அடி, இன்னொரு அடி. காவடி மெல்ல நகர்ந்து திரையை விட்டு வெளியே போகிறது. காணொளிக்குக் கீழே பாராட்டி நூற்றுக்கணக்கில் நெருப்பு எமோஜிகள் போட்டிருந்தார்கள். அந்த மூலையைப் பற்றி ஒருவர்கூட ஒன்றும் எழுதவில்லை.

இந்த இடத்தில் நான் உடனே ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கேட்கவில்லை. பாடகன் இரண்டு முறை சொன்னான்: "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்டா." நான் வேலையைக் காரணம் காட்டினேன். அந்தக் காணொளியை அழிக்கவும் இல்லை. ஏழெட்டு மாதம் போய்விட்டது.

ஒருநாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, வர்ற பங்குனிக்கு நாள் சொல்லி வைக்கணும். அவரு மறுபடியும் எடுக்கிறாரு."

"மூணு வருஷம் முடிஞ்சிருச்சே அக்கா?"

"போன தடவை எடுத்ததை சாமி ஏத்துக்கலைன்னு சொல்றாரு. இந்தத் தடவை விரதம் கடுமையா இருக்கணுமாம், இப்பவே ஒருவேளை சாப்பாட்டுக்கு வந்துட்டாரு. கால் வீங்கியிருக்கு. நான் சொன்னேன் தம்பி, உங்க மேல குறை இல்லன்னு. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாரு." பிறகு சொன்னார்: "உறுமிக்கு நீங்கதான் வேணுமாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையிலேயே காஹாங்குக்குப் போனேன்.

வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. நான் அவர் பக்கத்தில் குனிந்து, தயாரித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"ஆங்? சத்தமா சொல்லுங்க தம்பி."

அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைப் பார்த்தால் அண்ணனுக்குப் புரியும். நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வேலியோரம் வந்து, "ஐயோ, பாம்பு அண்ணா!" என்று கைப்பேசியைத் தூக்கினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். எதிர்வீட்டுச் சன்னலும் திறந்தது. இப்போது வேண்டாம், பிறகு வந்து சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அண்ணனின் வீங்கிய கால் கண்ணில் பட்டது.

கத்தினேன். "அண்ணே, உங்க விரதத்துல குறை இல்ல! நான்தான் உங்களை விட்டுட்டுப் போனேன்!"

"என்னது?"

"கூட்டத்தைப் பார்த்ததும் போயிட்டேன்! படம் எடுக்கிறாங்கன்னு போயிட்டேன்! உறுமி உங்க பக்கத்துல இல்ல! அக்கா வந்து கூப்பிட்டாங்க, நான் திரும்பிக்கூடப் பார்க்கல!"

மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உரக்க. வேலியோரம் நின்ற பெண் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டாளா, பதிவு செய்துகொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

அண்ணன் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, என் மேல குறை இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார் அக்கா. அவர் அழுதுகொண்டிருந்தார். "இப்பவாவது நம்புறீங்களா? இனிமே எடுக்க வேண்டாம்ல?"

அண்ணன் உள்ளே மாட்டியிருந்த முருகன் படத்தை எட்டிப் பார்த்தார். "வேண்டாம்," என்றார். "முடிஞ்சிருச்சு. அப்பவே முடிஞ்சிருச்சு." அவர் சிரித்தே விட்டார். "போய் சோத்தைப் போடு," என்று அக்காவிடம் சொன்னார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. அவ்வளவுதான், மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் கை கன்னத்துக்குப் போனது. அலகு குத்திய இடத்தைத் தடவினார். நடந்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு முழுக்க விளங்கியிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எட்டு மாசமா என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன் தம்பி. பொண்டாட்டியக்கூட நம்பல. நீங்க போங்க. இப்பப் போங்க."

அக்கா வாசல் வரை வந்தார். நான் கிளம்பினேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை அழைக்கவில்லை. நான் இரண்டு முறை செய்தி அனுப்பினேன். அக்கா மட்டும் "அவர் நல்லா இருக்கார் தம்பி" என்று பதில் போட்டார். அண்ணன் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று மட்டும் தெரியும்.

இப்போதும் உறுமி அடிக்கிறேன். காவடி எடுப்பவரின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துதான் அடிக்கிறேன், அதனால் படங்களில் என் முதுகுதான் விழுகிறது. "என்ன அண்ணா, பழைய மாதிரி இல்லையே," என்று எழுதுகிறார்கள். கைதட்டல் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எங்காவது ஆரவாரம் கேட்டால் கால் இன்னும் அந்தப் பக்கம் திரும்பத்தான் பார்க்கிறது. அப்படித் திரும்பப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுடுகிறது; அந்தச் சூடு இருக்கும் வரைக்கும்தான் இன்னொருவரின் வேண்டுதலுக்கு முன்னால் நடக்கும் தகுதி எனக்கு உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.